ஆப்பக்கடையைப் பார்க்க வந்த துரை

நான் மலாயாவில், லகாட்டில் பிறந்தவள். ஈயம் தோண்டிய குட்டைகளைத் தவிர வேறு பெரிய தண்ணீரைக் கல்யாணம் ஆகும்வரை பார்த்ததில்லை. மாப்பிள்ளை தையல்காரர், கடலோரத்தில் கடை வைத்திருக்கிறார் என்று வீட்டில் சொன்னபோது, மாப்பிள்ளையைவிடக் கடலைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கேட்கத் தோன்றியது. எந்நேரமும் சத்தம் போடுமா, கரையில் உட்கார்ந்தால் கால் நனையுமா, அந்தப் பக்கம் என்ன ஊர் தெரியும் என்றெல்லாம் கேட்டேன். அப்பா சிரித்தார். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, போய்ப் பார்த்துக்கொள் என்றாள்.

போய்ப் பார்த்தேன். தெலுக் இந்தான் என்று இப்போது சொல்கிறார்களே, அப்போது அந்த ஊருக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருந்தது, அங்கிருந்து படகேறி ஆற்றோடு இறங்கி, முகத்துவாரம் தாண்டிக் கரையோரமாகப் போனால் நாங்கள் குடியிருந்த இடம். பாதி மணல், பாதி சேறு. நான் போய் இறங்கிய நேரம் தண்ணீர் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான். கடல் எங்கே என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "வெளிய போயிருக்கு, சாயங்காலம் வரும்" என்றார். மனிதர் நல்லவர்தான், சமாளித்துக்கொள்ளலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

படகுத்துறையை ஒட்டி ஒரே வரிசையில் பலகைக் கடைகள், மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடியிருப்பு. முதலில் நானாவின் சாமான் கடை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம். அரிசி, மண்ணெண்ணெய், கைலி, கண்ணாடி வளையல் எல்லாம் அவரிடம் கிடைக்கும். அடுத்தது ஒரு சீன முதலாளியின் கோப்பிக் கடை, அவரைத் தவுக்கே என்போம். மூன்றாவது எங்கள் தையல் கடை. கடைசியில், படகுத்துறைக்குப் பக்கத்தில், அக்காவின் ஆப்பக்கடை. ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள்.

எனக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் சோறு இறங்காது. வந்த ஒரு மாதத்துக்குள் அக்காவின் கதை முழுவதையும் கறந்துவிட்டேன். உள்ளே, மண்ரோடு போய்ச் சேரும் இடத்தில், ஒரு பெரிய தென்னந்தோட்டம் இருந்தது. அக்காவும் அவள் புருஷனும் அங்கே லயத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்தவர்கள். அவன் தேங்காய் பறிப்பவன், அவள் கொட்டகையில் கொப்பரை தோண்டுபவள். அவன் காய்ச்சலில் போய்விட்டான். தனியாக ஒரு பொம்பளைக்கு ஒரு வீடா என்று கங்காணி அவளை இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் இருக்கச் சொல்லியிருக்கிறான். அந்தக் குடும்பத்து ஆம்பளை நல்லவனில்லை. அவள் ஓர் ஆப்பச்சட்டியையும் ஒரு பானையையும் எடுத்துக்கொண்டு நடந்தே கடற்கரைக்கு வந்துவிட்டாள். "உப்புத் தண்ணி குடிச்சுட்டுத் திரும்பி வருவே" என்று கங்காணி எல்லார் முன்னாலும் சொன்னானாம்.

அவள் திரும்பிப் போகவில்லை. தோட்டத்துக் கள்ளை ஊற்றி மாவு புளிக்க வைப்பாள். விடிவதற்கு முன்பே அடுப்பு எரியும். கொப்பரை ஏற்ற வரும் தொங்காங் படகுக்காரர்கள், மலாய் மீன்பிடிக்காரர்கள், எல்லாரும் அவள் வாசலில் குந்தி உட்கார்ந்து ஆப்பத்தை மீன் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து சனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். தோட்ட வாசலில் கங்காணிக்கே ஒரு கடை உண்டு. அங்கே வாங்கினால் அவன் வைத்ததுதான் விலை, சம்பளத்தில் பிடித்துக்கொள்வான். எங்கள் வரிசைக்கு வருவதென்றால் அவர்களுக்குத் திருவிழா. வளையல் பார்ப்பார்கள், கோப்பி குடிப்பார்கள், ரவிக்கைக்கு அளவு கொடுப்பார்கள், கடைசியில் அக்காவின் வாசலுக்குப் போவார்கள். அங்கே பேசுகிற பேச்சைக் கேட்கவே நான் ஊசியும் துணியுமாகப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள், ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் போர்டு ஆபீஸின் பியூன் படகில் வந்து, தவுக்கேயின் கடைத் தூணில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டு, ஒரு கோப்பியும் குடித்துவிட்டுப் போனான். தமிழிலும் எழுதியிருந்தது. அந்த வரிசையில் தமிழ் எழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பவர்கள் நானாவும் நானும்தான். நானாவுக்குக் கண்ணாடி உடைந்து போயிருந்ததால் நான் வாசித்தேன். கடற்கரையில் உள்ள இந்த இடம் இனிமேல் குடியிருப்புக்கு மட்டும். காற்று வாங்க வருபவர்களுக்கு பங்களாக்கள் கட்டப்படும். இப்போது இருக்கும் வீடுகள் இருக்கலாம், வியாபாரம் நடத்தக் கூடாது. கடை வைக்க விரும்புபவர்கள் உள்ளே ரோடு முனையில் செங்கல் கட்டடமாகக் கட்டிக்கொள்ளலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

கூடி நின்றவர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆட்சேபம்னா என்னா?" என்றாள் அக்கா.

"வேணாம்னு சொல்றது" என்றேன்.

"யாருகிட்ட? துரைகிட்டயா?"

"ஆமா. போர்டுல சொல்லலாமாம்."

"வேணாம்னு சொல்லலாம்னு அவங்களே எழுதியிருக்காங்களா?"

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். தோட்டத்தில் வளர்ந்த அந்த சனத்துக்கு அது பெரிய அதிசயம். பிறந்ததிலிருந்து ஒருவரும் அவர்களிடம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டதில்லை. கோபப்பட வேண்டிய செய்தியைக் கேட்டுவிட்டு அவர்கள் கொஞ்சம் பெருமையோடு நின்றதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது, பரிதாபமாகவும் இருந்தது.

ரோடு முனை என்றால் எது என்று எல்லாருக்கும் தெரியும். தோட்ட வாசல். கங்காணி கடைக்கு எதிர்ப்புறம். நானா செங்கல் கடை கட்டிவிடுவார், கையில் பசை உள்ளவர். தவுக்கேக்கு தெலுக் இந்தானில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். எங்களுக்கு ஒரு மெஷின், அதைத் தலையில் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். அக்காவுக்குத்தான் போக்கிடம் இல்லை. படகுக்காரன் ஆப்பம் தின்ன ரோடு முனை வரை நடந்து வருவானா? செங்கல் கட்டடத்துக்கு அவள் எங்கே போவாள்? கடை போனால் அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த லயம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"சட்டியை எடுத்துட்டு வந்த வழியிலேயே நடந்து போனா கங்காணி வாசல்லயே நிப்பான், பாக்குறதுக்கு. அதுக்கு நான் கடல்லயே எறங்கிடலாம்லா."

அன்று சாயங்காலம் எங்கள் கடை முன்னால் மணலில் கூட்டம் போட்டோம். மலாய்க்காரர்களின் ஊர்ப் பெரியவரான பெங்குலு வந்தார், படகுக்காரர்கள் வந்தார்கள், தோட்டத்திலிருந்தும் சிலர் கங்காணிக்குத் தெரியாமல் வந்தார்கள். கடைகள் இங்கேதான் இருக்க வேண்டும், ஊருக்கு அது தேவை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். பேச்சு மலாயிலும் தமிழிலும் மாறி மாறி நடந்தது. தவுக்கே இரண்டையும் கலந்து பேசிவிட்டு, நடுநடுவே தன் பாஷையில் யாரையோ வைதுகொண்டார். கடைசியில் நானா ஒரு யோசனை சொன்னார்.

"காயிதத்துல எழுதினா அவங்களுக்கு என்னா தெரியும்? துரையை நேர்ல வரச் சொல்லுவோம். வந்து கண்ணால பாக்கட்டும். பாத்தா வெளங்கிடும்லா."

எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று. பெங்குலு கைநாட்டு வைத்தார். மனு போயிற்று. யாரும் எதிர்பார்க்காத விதமாகப் பதிலும் வந்துவிட்டது. வருகிற வாரம் துரை வருகிறார், இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். அதைக் கேட்டதும் அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பாதி ஜெயித்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த நாளிலிருந்து தடபுடல் ஆரம்பித்தது. லகாட்டுக்காரியான எனக்குத் துரை வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. சுரங்கத்துக்கு வரும் துரைகள் வருவார்கள், தொப்பியைப் பிடித்துக்கொண்டு குட்டைக்குள் எட்டிப் பார்ப்பார்கள், போவார்கள். ஆனால் எங்கள் கடற்கரையில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், அவர்களிடம் இதற்கென்றே ஒரு முறை இருந்தது. லயம் பார்க்கத் துரை வருகிறார் என்றால் முதல் நாளே வாசல் பெருக்கிச் சாணம் தெளித்துவிட வேண்டும். கோழி, ஆடு எதுவும் கண்ணில் படக் கூடாது. கொடியில் துணி தொங்கக் கூடாது. அடுப்பு புகையக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு, அவரவர் வாசலில் தலைசீவி வரிசையாக நிற்க வேண்டும். தவறினால் அபராதம், சில தோட்டங்களில் உதை. இதில் அக்காவைப்போலத் தேறினவர்கள் யாரும் இல்லை. தோட்டத்தில் இருந்த அத்தனை வருஷமும் அவள் வாசலில் துரை ஒரு குறை கண்டதில்லையாம்.

அவள்தான் எல்லாரையும் ஏவினாள். கருவாட்டுப் பாய்களைச் சுருட்டி மூடச் சொன்னாள். நானாவின் வாசலில் அடுக்கியிருந்த மண்ணெண்ணெய்த் தகரங்கள் உள்ளே போயின. கொப்பரை நாற்றம் துரைக்கு ஆகாது என்று தொங்காங் படகுக்காரர்களிடம் பேசி, அன்றைக்கு ஒரு நாள் வளைவுக்கு அப்பால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அவர்கள் அவள் ஆப்பம் தின்று வளர்ந்தவர்கள், மறுபேச்சு பேசவில்லை. தோட்டத்து சனத்துக்கும், அன்றைக்கு யாரும் சாமான் வாங்க வந்து கூட்டம் போட வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்.

நான் சும்மா இருப்பேனா? கேட்டேன்.

"ஏங்க்கா, கடையை எதுக்குச் சாத்தணும்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணை என்ன சொல்லி வளர்த்தார்களோ என்கிற கவலை இருந்தது.

"பெரிய மனுசன் வாராரு. அவரு முன்னால எண்ணெயும் புகையுமா கடை விரிச்சு வச்சிருந்தா மரியாதையா? எல்லாரும் வேலையை நிப்பாட்டிட்டு எந்திரிச்சு நிக்கணும்லா."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வாத்தியார் வந்தால் எழுந்து நிற்பதில்லையா? நானாவுக்கும் நியாயமாகப் பட்டது. தவுக்கேதான் ஒன்றும் புரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னிக்கு என்னா ஹரி பெசார்?" என்று என்னிடம் கேட்டார். பெருநாளா என்கிறார். பெருநாள் மாதிரிதான் என்றேன். சரி, ஊரோடு ஒத்துப்போவோம் என்று அவரும் கோப்பி அடுப்பை அணைத்துப் பலகைகளைப் போட்டார்.

துரை வரும் நாள் காலையில் அக்கா இருட்டோடு எழுந்து ஊருக்கே ஆப்பம் சுட்டுக் கொடுத்துவிட்டாள். பசியோடு நின்றால் முகம் வாடும், துரை பார்த்தால் நன்றாக இராது என்றாள். பிறகு அடுப்பை அணைத்தாள். சாம்பலை அள்ளிக் கொட்டி, அடுப்பை மெழுகி, அதன்மேல் மாவால் ஒரு கோலமும் போட்டாள். துரைக்கென்று சில ஆப்பங்களை இலையில் சுற்றி, தேங்காய்ப் பாலும் சீனியும் தனியாக மூடி வைத்தாள். அந்தக் கடை திறந்ததிலிருந்து அந்த அடுப்பு அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. நான் பார்த்து அசந்துபோனேன்.

துரை மோட்டார் படகில் வந்தார். கூட யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர், கிராணி என்போம், மொழிபெயர்க்க. துரை இளவயசு, வெயிலில் சிவந்த முகம், சிடுசிடுப்பு இல்லாத மனிதர். பெங்குலு எலுமிச்சம்பழம் கொடுத்தார், நானா மாலை போட்டார். படகுத்துறையிலிருந்து கடைசித் தென்னைமரம் வரை நாங்கள் வரிசையில் நின்றோம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மணலில் ஒரு சருகு கிடையாது. கடைகள் நாலும் பலகை சாத்தி, மாவிலை கிடைக்காமல் தென்னங்குருத்தில் தோரணம் கட்டி, பளிச்சென்று இருந்தன. அப்படி ஓர் அமைதி அந்தக் கரையில் இருந்ததில்லை. அலைச் சத்தம் கேட்டது. நான் அங்கே வந்து சேர்ந்ததிலிருந்து பகல் நேரத்தில் அலைச் சத்தத்தைக் கேட்டதே அன்றுதான்.

அப்போதுதான் எனக்கு லேசாக ஒரு நெருடல் வந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

துரை நடந்து பார்த்தார். கிராணியிடம் ஏதோ கேட்டார்.

"கடையள் எங்கையெண்டு துரை கேக்கிறார்" என்றார் கிராணி.

"இதான் துரை, நாலும்" என்றார் நானா கையை விரித்து.

"பூட்டிக் கிடக்கே எண்டு கேக்கிறார்."

"துரை வாராங்கன்னு மரியாதைக்குச் சாத்தியிருக்கு."

கிராணி அதைச் சொன்னார். துரை சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு வரிசையில் நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், காலியான படகுத்துறையைப் பார்த்தார், கிராணியிடம் இன்னொன்று கேட்டார். காலையிலிருந்து சாத்தியிருக்கிறதே, அதனால் யாருக்கும் சிரமம் ஒன்றும் இல்லையா என்பது கேள்வி. "ஒரு சிரமமும் இல்லை துரை" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். துரைக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. தங்கள் சிரமத்தைத் துரையிடம் போய் யார் சொல்வார்கள்?

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தான் தைத்த மேசைவிரிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேசை அக்காவின் வாசலில் போட்டிருந்தது. தவுக்கேயின் கடையிலிருந்து நாற்காலியும் முள்கரண்டியும் வந்திருந்தன. துரையை உட்கார வைத்து அக்கா ஆப்பத்தை வைத்தாள், பாலை ஊற்றினாள். அவர் முதலில் மரியாதைக்கு ஒரு வாய் எடுத்தார். பிறகு முள்கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே தின்றார். இன்னொன்று கேட்டார். அக்கா வைத்தாள். அடுத்ததையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்து நின்றாள். அவ்வளவு சந்தோஷம். இவ்வளவு ருசித்துச் சாப்பிட்ட மனுஷன் இந்தக் கடையை மூடச் சொல்வாரா என்று எனக்கும் தெம்பு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் துரை கைகழுவிவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வெள்ளிக் காசை எடுத்து நீட்டினார்.

அக்கா இரண்டு அடி பின்னால் போய்க் கைகூப்பினாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். துரை மறுபடி நீட்டினார். அவள் கூப்பிய கையைப் பிரிக்கவேயில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேர் முகத்திலும் பெருமை. பெங்குலுகூட மெச்சித் தலையசைத்தார்.

"வீடு தேடி வந்தவங்ககிட்ட நாங்க காசு வாங்குறதில்லைன்னு துரைகிட்ட சொல்லுங்க" என்றார் நானா.

கிராணி சொன்னார். துரை காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சிரித்தபடி, கிராணியிடம் நீளமாக ஏதோ சொன்னார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். அக்கா முகம் மலர்ந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. கிராணியின் பக்கத்தில் போய், "துரை என்னாங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவர் கெட்டவரில்லை. கேட்டதற்கு உள்ளபடி சொன்னார். "கடைக்காரியெண்டால் காசு வாங்கியிருப்பாளாம். இது நல்ல குடும்பத்து வீடு எண்டு சொல்லுறார். இடமும் வடிவான இடமாம், அமைதியாய் இருக்காம். இப்பிடியே இருக்க விடவேணும் எண்டு சொல்லுறார்."

அக்காவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். முதலில் நல்ல குடும்பம் என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

"ஐயா, இது கடைங்க. கடைதான்னு சொல்லுங்க. நாளைக்கு வந்து பாக்கச் சொல்லுங்க, உக்கார எடம் இருக்காது" என்றேன். நானாவும் சேர்ந்துகொண்டார். தவுக்கே ஓடிப்போய்த் தன் கடைப் பலகைகளைத் தடதடவென்று பிரிக்க ஆரம்பித்தார். கிராணி துரையிடம் சொல்லத்தான் செய்தார். துரை படகில் ஏறிக்கொண்டே கேட்டார், பொறுமையாகத் தலையாட்டினார், ஒரு வார்த்தை சொன்னார். "ரோட்டு முனையில நல்ல இடம் தருவினமாம்" என்றார் கிராணி. படகு கிளம்பிவிட்டது. வழியனுப்பக் கை ஆட்ட வேண்டுமே என்று எங்கள் வரிசை பழக்கதோஷத்தில் கையாட்டியது.

முடிவு அடுத்த மாதமே வந்துவிட்டது. அதையும் தவுக்கேயின் தூணில்தான் ஒட்டினார்கள், அதையும் நான்தான் வாசித்தேன். இடத்தை நேரில் பார்த்து விசாரித்ததில், கடைகள் மூடியிருந்தும் குடியிருப்போருக்கு இடைஞ்சல் ஏதும் இல்லை என்று தெரிய வந்ததாம். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. இன்னொரு மனு போட்டோம். அதற்குப் பதில் வரவில்லை.

நானா ரோடு முனையில் செங்கல் கடை கட்டினார், கங்காணியோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே நடத்தினார். தவுக்கே தெலுக் இந்தானுக்குப் போனார். நாங்களும் போனோம், மெஷினைப் படகில் ஏற்றிக்கொண்டு. அக்கா மட்டும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்து பார்த்தாள். வீடு இருக்கலாம் என்று சொன்னார்கள் அல்லவா, இருந்தாள். படகுக்காரர்களுக்கு ஒளித்து மறைத்துச் சுட்டுக் கொடுத்தாள். பியூன் வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு வீட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது? சுவரைத் தின்ன முடியுமா?

அவள் லயத்துக்கே திரும்பிவிட்டாள் என்று நானா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போய்ப் பார்த்தேன். லயத்துக் கடைசி அறை. மெலிந்திருந்தாள். கொப்பரை தோண்டி உள்ளங்கை தடித்துப்போயிருந்தது. கங்காணி என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம், என் வாய் முதல் தடவையாக மூடிக்கொண்டு இருந்தது. அவளே சொன்னாள்.

"ஒண்ணும் சொல்லலை. ஒரு டம்ளர் நல்ல தண்ணி கொடுத்தான், அவ்வளவுதான். எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க."

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக் கூடாது என்று வேறு ஏதாவது பேச நினைத்து, என் புத்திப்படி, கேட்கக் கூடாததையே கேட்டுவைத்தேன்.

"அக்கா, அந்தத் துரை இப்ப திரும்பி வந்தா, காசு வாங்குவியா?"

வெட்கக்கேடான எதையோ கேட்டதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"என்னா பேச்சு இது? ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் தின்னாருலா. அவ்வளவு ருசியாத் தின்ன மனுசன்கிட்ட எப்படிக் கையை நீட்டுறது? வாங்க மாட்டேன்."

எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். விடியலில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய கூலி போய்விடும், சீக்கிரம் படுக்க வேண்டும் என்றாள். வண்டி வரை என்னோடு நடந்து வந்தாள். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காசு வாங்க மாட்டேன்" என்றாள் மறுபடியும். "ஆனா அடுப்பை அணைக்க மாட்டேன்லா."